கம்பெனி ஏற்பாடு செய்த கோச்சை எவ்வளவு நம்பலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீட், டிஎன்பிஎஸ்சி கோச்சிங் சென்டர் தேடி வந்தவர்கள் மன்னிக்கவும். இது வேறு கோச்சிங். அலுவலகத்தில் மேனேஜராகவோ டீம் லீடாகவோ இருப்பவருக்கு, கம்பெனி செலவில் வெளியிலிருந்து ஒரு கோச்சை அமர்த்தி, ஆறு முதல் பன்னிரண்டு செஷன் வரை தனியாகப் பேசவைக்கிறார்களே, அதைப் பற்றியது. கோச்சிங் பெறப்போகிறவர்களும் புதிதாக கோச் ஆனவர்களும் கேட்கும் கேள்விகள் இங்கே கலந்தே இருக்கின்றன.

கோச் என்பவர் சரியாக என்ன செய்வார்?

கேள்வி கேட்பார், கவனித்துக் கேட்பார், நீங்கள் சொன்னதையே உங்களுக்குத் திருப்பிக் காட்டுவார். டென்னிஸ் மைதானத்தில் தொடங்கிய முறை இது. ஆட்டக்காரருக்கு அடுக்கடுக்காக உத்தரவு போடுவதைவிட, அவர் கவனத்தைப் பந்தின்மேல் நிறுத்தினால் ஆட்டம் தானாகத் திருந்துகிறது என்று டிமோதி கால்வே 1974-இல் எழுதினார். அந்த வழியை அலுவலகத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் ஜான் விட்மோர். அவருடைய புத்தகம் 1992-இல் வந்தது. மென்டர் தன் அனுபவத்திலிருந்து வழி சொல்வார். கன்சல்டன்ட் தீர்வை எழுதிக் கொடுப்பார். கோச்சின் வேலை இந்த இரண்டும் இல்லை.

இதில் நம்பிக்கை அவ்வளவு முக்கியமா? கேள்வி கேட்கத் தெரிந்தால் போதாதா?

போதாது. டாக்டருக்கு ரத்தப் பரிசோதனை முடிவு இருக்கிறது, ஆடிட்டருக்கு வவுச்சர் இருக்கிறது. கோச்சுக்குக் கிடைப்பதெல்லாம் க்ளையண்ட், அதாவது கோச்சிங் பெறுபவர், வாய் திறந்து சொல்வதுதான். அதில் பாதியை அவர் மறைத்தால், மீதிப் பாதியை வைத்துக்கொண்டு இருவரும் தவறான பிரச்சினையை அழகாகத் தீர்த்துக்கொண்டிருப்பார்கள்.

அடிக்கடி நடப்பது இது: "எனக்கு டைம் மேனேஜ்மென்ட் சரியில்லை" என்று க்ளையண்ட் ஆரம்பிப்பார். நான்கு செஷன் பட்டியல் போடுவதிலும் மீட்டிங்கைக் குறைப்பதிலும் போகும். உண்மையில், மேலதிகாரி எல்லோர் முன்னாலும் திட்டுவார் என்ற பயத்தில் ஒவ்வொரு மெயிலையும் ஐந்து தடவை திருத்தி எழுதுவதில்தான் அவர் நேரம் கரைகிறது. முதல் நாளே அதைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அது யார் காதுக்குப் போகும் என்று தெரியாததால் சொல்லவில்லை.

எட்வர்ட் போர்டின் என்ற உளவியலாளர் 1979-இல், சிகிச்சை அளிப்பவருக்கும் பெறுபவருக்கும் இடையிலான உறவை மூன்றாகப் பிரித்தார்: எதை நோக்கிப் போகிறோம் என்பதில் உடன்பாடு, அதற்கு என்ன செய்யப்போகிறோம் என்பதில் உடன்பாடு, இருவருக்கும் இடையிலான பிணைப்பு. கோச்சிங் துறை இதை அப்படியே எடுத்துக்கொண்டது. புதிய கோச்சுகள் மூன்றாவதில் மட்டும் கவனம் வைக்கிறார்கள். சிரித்துப் பேசி, காபி குடித்து, நன்றாக ஒட்டிக்கொள்கிறது. ஆனால் எதற்காகச் சந்திக்கிறோம் என்று இருவரும் ஒரே பதிலைச் சொல்லமாட்டார்கள். நான்காவது செஷனில் அது தெரியவரும்.

பணம் கட்டுவது கம்பெனி. நான் சொல்வது எச்ஆருக்குப் போகுமா?

போகக்கூடாது. ஆனால் "கான்ஃபிடென்ஷியல்" என்ற ஒற்றைச் சொல்லை நம்பி உட்காராதீர்கள். இந்தத் துறையில் உடையும் உறவுகளில் பெரும்பாலானவை உடைவது இந்த இடத்தில்தான்; கெட்ட எண்ணத்தால் இல்லை, முன்கூட்டிப் பேசி வைக்காததால்.

இங்கே இருப்பவர்கள் மூன்று பேர்: நீங்கள், கோச், கம்பெனி. மூவருக்கும் ஒரே தாளில் ஒப்பந்தம் வேண்டும். அதில் எது வெளியே போகும் என்பதை வரி வரியாக எழுத வேண்டும். வழக்கமாகப் போகலாம் என்று ஒப்புக்கொள்வது: எத்தனை செஷன் நடந்தது, எத்தனை ரத்தானது, ஆரம்பத்தில் மூவரும் சேர்ந்து முடிவுசெய்த இலக்குகள். அவ்வளவுதான். செஷனில் பேசியது, யார் பெயரெல்லாம் வந்தது, உங்களைப் பற்றிய கோச்சின் அபிப்பிராயம், பிரமோஷனுக்குத் தகுதியா இல்லையா என்பது, இவை எதுவும் போகக்கூடாது. கோச்சின் அபிப்பிராயத்தை அப்ரைசலுக்குப் பயன்படுத்தமாட்டோம் என்று கம்பெனியும் அதே தாளில் ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த வரியைச் சேர்க்கக் கம்பெனி தயங்கினால், அவர்களுக்குத் தேவை கோச்சிங் இல்லை, மதிப்பீடு. அதற்கு வேறு ஆளை வைத்துக்கொள்ளட்டும்.

முன்னேற்றம் எப்படித் தெரியும் என்று மேனேஜர் கேட்பார், நியாயமான கேள்விதான். அதற்காக ஆரம்பத்தில், நடுவில், முடிவில் என மூன்று முறை மூவரும் உட்காரும் கூட்டம் வைப்பார்கள். அங்கே பேச வேண்டியவர் க்ளையண்ட். "நான் இதைச் செய்து பார்த்தேன், இது மாறியிருக்கிறது, இது இன்னும் வரவில்லை" என்று அவரே சொல்வார். கோச் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும். கூட்டத்துக்கு முன் பத்து நிமிடம், எதைச் சொல்வது எதை விடுவது என்று இருவரும் ஒத்திகை பார்த்துக்கொள்வது நல்லது.

எச்ஆர் தற்செயலாகக் கேட்டால் கோச் என்ன சொல்ல வேண்டும்?

அறிக்கையில் கசிவதைவிட லிஃப்ட் வாசலில் கசிவது அதிகம். "என்ன சார், நம்ம ஆள் தேறுவாரா?" என்று சிரித்தபடி கேட்பார்கள். "பரவாயில்லை" என்றாலும் அது தகவல்தான். பதில் சொல்லாமல் புருவத்தைத் தூக்கினாலும் தகவல்தான். "நல்லாப் போகுது" என்று ஐந்து பேரைப் பற்றிச் சொல்லிவிட்டு ஆறாவது ஆளைப் பற்றி மட்டும் "ம்ம்" என்றால், அவர் கதை முடிந்தது.

எல்லோருக்கும், எல்லா நாளும், ஒரே பதில்: "அதை அவரிடமே கேளுங்கள் சார், அடுத்த மூவர் கூட்டத்தில் அவரே சொல்வார்." கேட்டவர் முகம் கொஞ்சம் சுருங்கும். சுருங்கட்டும். நாளை அவருக்கே கோச்சிங் தேவைப்படும்போது இந்தப் பதிலை நினைத்துக்கொள்வார்.

இன்னொரு கசிவு வழி, "பொதுவான போக்குகள்" என்ற அறிக்கை. பெயர் இல்லாமல், "டெலிவரி டீமில் சிலருக்கு வேலைச்சுமை பற்றிய கவலை உள்ளது" என்று எழுதுவார்கள். கோச்சிங் பெற்றவர்கள் நாற்பது பேர் என்றால் சரி. டெலிவரியிலிருந்து வந்ததே இரண்டு பேர் என்றால், பெயர் எழுதாததில் என்ன பயன்? குழு சிறியதாக இருந்தால் இந்த அறிக்கையே வேண்டாம் என்று முதலிலேயே மறுத்துவிட வேண்டும்.

வேலையை விடப்போகிறேன் என்று கோச்சிடம் சொல்லலாமா?

சொல்லலாம். ஆனால் இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்தே ஒப்பந்தத்தில் பதில் எழுதி வைத்திருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். வெளியேறுவது பற்றிப் பேச்சு வந்தால் கோச் அதைக் கம்பெனிக்குச் சொல்லமாட்டார், அதேசமயம் கம்பெனி காசில் உங்களுக்கு இன்டர்வியூ பயிற்சியும் தரமாட்டார் என்பதே நியாயமான ஏற்பாடு. இருக்கலாமா போகலாமா என்று யோசிக்க உதவுவது கோச்சிங்குக்குள் வரும்.

"எதையும் யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று கோச் சத்தியம் செய்யலாமா?

செய்யக்கூடாது. செய்பவரை நம்பவும் கூடாது. வக்கீலிடம் கட்சிக்காரர் சொல்வதற்குச் சட்டம் தரும் பாதுகாப்பு கோச்சிடம் சொல்வதற்கு இல்லை. கோர்ட் கேட்டால் நோட்ஸைக் கொடுக்க வேண்டிவரும். குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் நடந்தது தெரியவந்தால், போக்சோ சட்டம் 2012-இன் 19-ஆம் பிரிவின்படி அதை அறிந்த எவரும் போலீசுக்குத் தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்காமல் இருப்பது 21-ஆம் பிரிவின்படி தண்டனைக்குரியது. க்ளையண்ட் தன் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து விளைவிக்கும் நிலையில் இருந்தாலும் ரகசியம் என்று பொத்தி வைக்க முடியாது. அந்த நிலையில் கோச்சிங் அங்கேயே நிற்க வேண்டும். மனநல மருத்துவரிடமோ, 24 மணி நேரமும் இயங்கும் அரசு மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்கோ சேர்த்துவிட வேண்டும்.

இவற்றை முதல் செஷனில், எந்தப் பிரச்சினையும் இல்லாத நேரத்தில், இரண்டே நிமிடத்தில் சொல்லிவிட வேண்டும். க்ளையண்ட் அழுதுகொண்டிருக்கும்போது விதிவிலக்குகளை வாசித்தால் கதவை முகத்தில் அடைத்ததுபோல் இருக்கும்.

முதல் செஷனை எப்படி நடத்தினால் நம்பிக்கை வரும்?

அதற்கு முன்பே 20–30 நிமிட அறிமுகப் பேச்சு ஒன்று இருக்க வேண்டும். முடிந்தால் இரண்டு மூன்று கோச்சுகளிடம் பேசிவிட்டு க்ளையண்டே ஒருவரைத் தேர்ந்தெடுக்கட்டும். எச்ஆர் தேர்ந்தெடுத்து அனுப்பிய கோச், என்னதான் நல்லவராக இருந்தாலும், முதல் இரண்டு செஷன்களுக்கு எச்ஆரின் ஆளாகவே தெரிவார்.

முதல் செஷன் 60 நிமிடம் என்றால் ஏறத்தாழ இப்படிப் பிரிக்கலாம்:

1. முதல் 10 நிமிடம்: எது வெளியே போகும், எது போகாது, விதிவிலக்குகள் என்ன. தாளைப் படித்துக் காட்டி, "இதில் எந்த வரி உங்களுக்கு உறுத்துகிறது?" என்று கேட்பது. "ஏதாவது சந்தேகம் இருக்கா?" என்றால் "இல்லை" என்றுதான் பதில் வரும்.
2. அடுத்த 5 நிமிடம்: இந்த கோச்சிங்குக்கு அவர் வந்தாரா, அனுப்பப்பட்டாரா? அனுப்பப்பட்டவர் என்றால் அதை வெளிப்படையாகப் பேசிவிடுவது. கோபத்தோடு உட்கார்ந்திருப்பவரிடம் இலக்கு கேட்டால் எச்ஆர் சொன்ன இலக்கையே ஒப்பிப்பார்.
3. 35 நிமிடம்: அவர் கொண்டுவந்த ஒரு விஷயம். பெரியது வேண்டாம், இந்த வாரம் நடந்த ஒன்று போதும்.
4. கடைசி 10 நிமிடம்: "இன்றைக்கு நான் கேட்டதில் எது உதவியது, எது எரிச்சல் தந்தது?" என்று கேட்பது. பதிலைக் குறித்துக்கொண்டு அடுத்த செஷனில் அதைச் செய்து காட்டுவது.

நான்காவது படிதான் அதிகம் தவறவிடப்படுவது. கேட்டுவிட்டு மாற்றாமல் இருப்பது, கேட்காமலே இருப்பதைவிட மோசம்.

நம் ஊரில் "சார்", "மேடம்" என்று கூப்பிட்டுக்கொண்டே மனம் திறந்து பேச முடியுமா?

கூப்பிடும் சொல்லை மாற்றுவதால் மட்டும் எதுவும் மாறாது. "என்னைப் பெயர் சொல்லியே கூப்பிடுங்க" என்று ஐம்பத்தைந்து வயது கோச் வற்புறுத்தினால், முப்பது வயதுக்காரர் எந்தச் சொல்லும் போடாமல் வாக்கியத்தை வளைத்து வளைத்துப் பேசுவார். அவருக்கு எது வசதியோ அப்படியே விட்டுவிடலாம். கோச் பக்கத்திலிருந்து மட்டும் வயது வித்தியாசம் பாராமல் "நீங்க" மாறக்கூடாது. "வா தம்பி" என்று ஆரம்பித்த நாளிலிருந்து அது அறிவுரைக் கூடமாகிவிடும்.

கவனிக்க வேண்டியது, "சரிங்க சார்" என்பதற்கு இங்கே பல பொருள் உண்டு என்பதை. "கேட்டுக்கொண்டேன்" என்பதும் அது. "செய்யமாட்டேன், ஆனால் உங்கள் முகத்துக்கு நேரே சொல்லமாட்டேன்" என்பதும் அதுவே. சோதித்துப் பார்க்க எளிய வழி: "இதில் நடக்காது என்று உங்களுக்குத் தோன்றும் பகுதி எது?" என்று கேளுங்கள். மறுப்பதற்கு அனுமதி கேட்காமலே மறுக்க வழி கிடைக்கிறது. "நீங்களே சொல்லுங்க சார், உங்களுக்குத் தெரியாததா" என்று பந்து திரும்பி வரும்போது உடனே பதில் சொல்லும் ஆசை வரும். பத்து விநாடி சும்மா இருந்தால் பெரும்பாலும் அவரே பேசிவிடுவார்.

மொழியும் உண்டு. ஆங்கிலத்தில் ஆரம்பித்த செஷன், வலிக்கும் இடம் வந்ததும் தமிழுக்குத் தாவும். கோச்சும் தாவ வேண்டும். ஆங்கிலத்திலேயே பதில் சொன்னால் மீட்டிங் முடிந்த மாதிரி ஆகிவிடும்.

கடைசியாக ஒன்று. "சொந்த ஊர் எது? அங்கே எந்தப் பக்கம்? அப்பா பெயர் என்ன?" என்று அன்பாக விசாரிப்பது பலருக்குப் பழக்கம். எதிரில் இருப்பவருக்கு அது சாதியைத் துழாவும் கேள்வியாகக் கேட்கலாம். பல சமயம் அது அப்படித்தான். கோச்சிங்குக்கு அந்தத் தகவல் தேவையில்லை. அவரே சொன்னால் கேட்டுக்கொள்ளலாம்.

நோட்ஸ், ரெக்கார்டிங், ஏஐ?

நோட்ஸில் பெயருக்குப் பதில் எழுத்துக் குறி, சம்பவத்துக்குப் பதில் தலைப்பு, அடுத்த அடி. அவ்வளவு போதும். எத்தனை மாதம் வைத்திருப்பார், பிறகு எப்படி அழிப்பார் என்று ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். ரெக்கார்டிங்குக்கு ஒவ்வொரு முறையும் தனித்தனியாகச் சம்மதம் கேட்க வேண்டும். ஒரு தடவை வாங்கிய சம்மதம் எல்லா நாளுக்கும் செல்லாது.

இப்போது புதிதாக வந்திருக்கும் தொல்லை, வீடியோ அழைப்பில் தானாக நுழைந்து குறிப்பெடுக்கும் ஏஐ. கம்பெனி கணக்கிலிருந்து அழைப்பு போனால் அந்தச் சுருக்கம் கம்பெனி சர்வரில் உட்கார்ந்துவிடும். கோச் வாய் திறக்காமலே எல்லாம் போய்ச் சேரும். ஆகவே அழைப்பைக் கோச்சின் கணக்கிலிருந்தே அனுப்புவது, குறிப்பெடுக்கும் வசதியை அணைப்பது, க்ளையண்ட் தன் சொந்த போனிலோ லேப்டாப்பிலோ சேர்வது நல்லது. ஆபீஸ் கேலண்டரில் தலைப்பைப் பிறர் பார்க்காதபடி வைக்க வேண்டும். கண்ணாடி அறையில் உட்கார்ந்து அழ முடியாது. வீட்டிலிருந்தோ, கார் நிறுத்தியிருக்கும் இடத்திலிருந்தோ பேசுகிறார்கள் என்றால் அதை ஒழுங்கீனமாகப் பார்க்கக்கூடாது.

க்ளையண்ட் நம்புகிறாரா என்று கோச்சுக்கு எப்படித் தெரியும்?

எல்லாவற்றுக்கும் தலையாட்டுவது நம்பிக்கையின் அடையாளம் இல்லை. "நீங்க சொன்னது எனக்கு ஒத்துவரல" என்று முதன்முறை சொல்லும் நாள்தான் உறவு காலூன்றிய நாள். செய்வதாகச் சொன்னதைச் செய்யவில்லை என்பதைச் சாக்குப்போக்கில்லாமல் ஒப்புக்கொள்வதும் நல்ல அறிகுறி.

மறுபக்கம்: செஷன் தொடர்ந்து தள்ளிப்போகும், ஒவ்வொரு வாரமும் புதுத் தலைப்பு வரும், பேச்சு முழுக்க மற்றவர்களைப் பற்றியே இருக்கும். கடைசி ஐந்து நிமிடத்தில் "ஒன்னுமில்ல சார், சும்மா சொல்றேன்" என்று ஒரு பெரிய விஷயம் விழும். விழுந்ததை அவசரமாகப் பிரிக்கக்கூடாது. "இது முக்கியமாகத் தெரிகிறது, அடுத்த முறை இதிலிருந்தே தொடங்கலாமா?" என்று கேட்டு, அடுத்த முறை மறக்காமல் அதிலிருந்தே தொடங்க வேண்டும். மறந்தால் அது திரும்ப வராது.

கோச்சுகள் தெரியாமல் செய்யும் தவறுகள் எவை?

முதலிடம், "பெயர் சொல்லமாட்டேன், இன்னொரு க்ளையண்ட் ஒருத்தர் இருக்கார்" என்று கதை சொல்வது. கேட்பவர் அந்த நொடியே புரிந்துகொள்வார்: நாளை என் கதையும் இப்படித்தான் சொல்லப்படும். மற்றவை சின்னவை, ஆனால் சேர்ந்துகொண்டே போகும்: பத்து நிமிடம் தாமதம், சென்ற முறை சொன்ன மகள் பெயரை மறப்பது, அனுப்புகிறேன் என்ற கட்டுரையை அனுப்பாமல் விடுவது, எதைச் சொன்னாலும் "சூப்பர்" என்பது.

உடைந்த நம்பிக்கையைச் சரிசெய்ய முடியுமா?

எது உடைந்தது என்பதைப் பொறுத்தது. மேயர், டேவிஸ், ஷூர்மன் ஆகிய மூவர் 1995-இல் எழுதிய கட்டுரை, ஒருவரை நம்பத்தக்கவராக்குவது திறமை, நல்லெண்ணம், நேர்மை ஆகிய மூன்று என்கிறது. கோச் ஒரு தவறான கேள்வி கேட்டுவிட்டார், செஷன் வீணானது என்றால் அடிபட்டது திறமை. அடுத்த நல்ல செஷன் அதை ஆற்றிவிடும். கடுமையாகப் பேசிவிட்டார் என்றால் நல்லெண்ணத்தில் சந்தேகம், பேசித் தீர்க்கலாம். சொல்லமாட்டேன் என்றதைச் சொல்லிவிட்டார் என்றால் உடைந்தது நேர்மை. அங்கே கோச்சை மாற்றுவதுதான் பெரும்பாலும் சரி.

சரிசெய்யக்கூடியதாக இருந்தால், அடுத்த செஷன் வரை காத்திருக்காமல் கோச்சே முதலில் எடுக்க வேண்டும். என்ன நடந்தது என்று விளக்கம் சேர்க்காமல் சொல்வது, அவருக்கு என்ன பாதிப்பு என்று கேட்டு முழுதாகச் சொல்ல விடுவது, இனி எதை மாற்றுவார் என்று ஒரே ஒரு திட்டவட்டமான விஷயத்தைச் சொல்வது, தொடர்வதா வேண்டாமா என்ற முடிவை அவர் கையில் விடுவது. "அப்படி நினைத்திருந்தால் மன்னிக்கவும்" என்பது மன்னிப்புக் கணக்கில் சேராது.

என் மேனேஜரே எனக்கு கோச்சாக இருக்கலாமா?

கோச் மாதிரி கேள்வி கேட்கலாம். அப்ரைசல் எழுதும் கை அவருடையது என்பதை இருவரும் மறக்க முடியாது. அதை மறந்ததாக நடிப்பதுதான் ஆபத்து.

கோச் தகுதியானவரா என்று எப்படிச் சரிபார்ப்பது?

இந்தியாவில் கோச் என்று போர்டு மாட்ட லைசென்ஸ் தேவையில்லை. வார இறுதியில் சர்டிஃபிகேட் வாங்கியவரும் கோச்தான். 1995-இல் அமெரிக்காவில் தொடங்கிய ஐசிஎஃப் (இன்டர்நேஷனல் கோச்சிங் ஃபெடரேஷன்) அமைப்பு மூன்று படிகளாகத் தரும் சான்றுகளைப் பலரும் அளவுகோலாக எடுத்துக்கொள்கிறார்கள்: முதல் படியான ஏசிசி பெற 100 மணி நேரம் கோச்சிங் செய்திருக்க வேண்டும், பிசிசிக்கு 500, எம்சிசிக்கு 2,500. அந்த அமைப்பு 2019-இல் திருத்திய எட்டுத் திறன்களில் நான்காவது, நம்பிக்கையையும் பாதுகாப்பையும் வளர்ப்பது. சான்று திறமைக்கு ஓரளவு சாட்சி. மற்றதை நீங்கள்தான் பார்க்க வேண்டும். அறிமுகப் பேச்சில் கேளுங்கள்: "உங்களால் உதவ முடியாமல் போன க்ளையண்ட் எப்படிப்பட்டவர்?" பதிலில் அடையாளம் தெரியும் விவரங்கள் வந்தால் எழுந்துவிடலாம். "அப்படி யாருமே இல்லை" என்றாலும்.

முதல் செஷனிலேயே மனதைக் கொட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. சின்ன விஷயம் ஒன்றைச் சொல்லிப் பாருங்கள். அதை எப்படிக் கையாள்கிறார் என்று இரண்டு வாரம் கவனியுங்கள். மூன்றாவது செஷன் முடிந்தும் சொற்களை எடைபோட்டே பேசுகிறீர்கள் என்றால், அதையே அவரிடம் சொல்லுங்கள்.

அளவுக்கு மீறி நம்பினாலும் சிக்கல் வருமா?

வரும். ஒவ்வொரு மெயிலையும் அனுப்பும் முன் வாட்ஸ்அப்பில் காட்டிக் கேட்பது, கோச் ஊரில் இல்லாத வாரம் முடிவே எடுக்காமல் இருப்பது ஆகியவை நம்பிக்கை முற்றிச் சார்பாக மாறியதன் அறிகுறிகள். செஷனுக்கு இடையே எத்தனை செய்தி, எந்த நேரத்துக்குள் என்று முதலிலேயே வரம்பு வைத்தால் பின்னால் மனம் புண்படாது. கடன் கொடுப்பது, சேர்ந்து தொழில் தொடங்குவது, மகனுக்கு வேலை கேட்பது எல்லாம் கோச்சிங் நடக்கும் காலத்தில் வேண்டாம். காதல் அல்லது பாலியல் உறவை ஐசிஎஃப் நெறிமுறை தெளிவாகவே விலக்குகிறது.

பாதியில் கோச்சை மாற்றினால் பழைய நோட்ஸ் புதியவரிடம் போகுமா?

நீங்கள் எழுத்தில் கேட்டால் மட்டும். கேட்காவிட்டால் பழைய கோச் அதை ஒப்பந்தத்தில் சொன்ன காலக்கெடுவில் அழித்துவிட வேண்டும். மாற்றியதற்குக் காரணம் என்ன என்று எச்ஆர் கேட்டால், "பொருத்தம் அமையவில்லை" என்ற இரண்டு சொல்லோடு நிறுத்திக்கொள்ள இருவருக்கும் உரிமை உண்டு. மீதமிருக்கும் செஷன்களுக்கான கட்டணம் புதியவருக்கு மாறுமா என்பதை மட்டும் மாற்றுவதற்கு முன் எச்ஆரிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள்.